பத்தொன்பதாம் மிதவையின் ஒரு வாக்கு

ஜெனோவா இறந்து ஏழு மாதம் கழித்து அவளுடைய கைப்பேசிக்கு ஒரு நன்றிச் செய்தி வந்தது.

"அன்புள்ள ஜெனோவா, தலைவர் தேர்தலில் தவறாமல் வாக்களித்தமைக்கு நன்றி. உங்கள் கடமையுணர்வு பிறருக்கு ஓர் எடுத்துக்காட்டு."

அவளுடைய அம்மா ரெஜினாள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு சலவைக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு இயந்திரங்களையும் நிறுத்தினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பட்டியல் அலுவலகத்துக்குப் போனாள்.

பத்தொன்பதாம் மிதவையின் பட்டியல் எழுத்தர் சந்தியாகு அப்போது தேர்தல் நாளில் மிச்சமான மைப் புட்டிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. காலைப் பூசைக்கு ஒருநாளும் தவறாதவர். யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை என்று ஊர் சொல்லும். அதற்கு நேரமில்லை என்று அவர் சொல்லுவார்.

"அண்ணே, எம் மவ ஓட்டுப் போட்டுட்டாளாம்" என்றாள் ரெஜினாள்.

சந்தியாகு செய்தியை வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

"அவ பேரு இன்னும் பட்டியல்ல இருக்கா?"

"இருக்கு."

"ஏன் எடுக்கல?"

"நீ வந்து எடுக்கச் சொல்லலயேம்மா" என்றார் சந்தியாகு.

மிதவைகளில் அது வழக்கம். முப்பது வருடத்துக்கு முன் அடித்த பெரும்புயலில், காணாமல் போனவர்களின் பெயர்களை எழுத்தர்கள் ஒரே நாளில் அடித்துவிட்டார்கள். மறுவாரம் அவர்களில் மூன்று பேர் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க அந்த மூவருக்கும் இரண்டு வருடம் பிடித்தது. அதில் ஒருவர் நிரூபிப்பதற்குள் நிஜமாகவே இறந்துபோனார். அன்றிலிருந்து, வீட்டுக்காரர்களே வந்து கேட்டாலொழிய எந்த எழுத்தரும் யார் பெயரையும் அடிப்பதில்லை. சிலர் பதினாறாம் நாள் வருவார்கள். சிலருக்கு ஒரு வருடம் ஆகும். சந்தியாகு யாரையும் அவசரப்படுத்தியதில்லை.

"எனக்கு வர மனசு வரல" என்றாள் ரெஜினாள். "வந்தா எடுத்துருவீங்களே."

"ஆமா."

சந்தியாகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"யார்ட்டயும் காட்டாத" என்றார் சந்தியாகு.

"வார வழியில குடிதண்ணி வரிசையில ஒருத்திகிட்ட காட்டிட்டேன்."

சந்தியாகு தலையை ஆட்டினார். அப்படியென்றால் மத்தியானத்துக்குள் மிதவை முழுவதும் தெரிந்துவிடும். உண்மையில் பதினோரு மணிக்கே தெரிந்துவிட்டது.

கடல் ஏறி, கரையோர ஊர்கள் உப்பில் மூழ்கியபின், தூத்துக்குடிக்குக் கிழக்கே முப்பத்தொரு மிதவைகளைச் சங்கிலியால் கோத்து அந்த நகரத்தைக் கட்டினார்கள். கட்டிய பொறியாளர்கள்தான் அதன் சட்டங்களையும் எழுதினார்கள். அவர்களுக்கு ஓட்டை என்றால் பயம். ஒரு மிதவையில் தண்ணீர் புகுந்தால் மற்ற முப்பதும் தங்கள் கதவை அடைத்துக்கொள்ளும்படி நகரத்தைக் கட்டியவர்கள், தேர்தலையும் அப்படியே கட்டினார்கள். மக்கள் நேராகத் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு மிதவையும் ஒரே ஒரு பேராளரைத் தேர்ந்தெடுக்கும். முப்பத்தொரு பேராளர்கள் மாமன்றத்தில் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு மிதவையில் கள்ள வாக்கு விழுந்தால் அந்த மிதவையின் கதவை மட்டும் அடைத்துவிடலாம்.

இந்தமுறை போட்டி துரைசிங்கத்துக்கும் அமலோற்பவத்துக்கும். துரைசிங்கத்தின் திட்டத்துக்கு 'எடைக் குறைப்பு' என்று பெயர். மிதவைகள் பாரம் தாங்கவில்லை. ஆகவே வேலை செய்ய இயலாதவர்களைக் கரை முகாம்களுக்கு அனுப்புவது. அமலோற்பவம், யாரையும் அனுப்ப வேண்டாம், புதிதாக இரண்டு மிதவைகள் கட்டலாம் என்றார். கட்டி முடிக்க ஆறு வருடம் ஆகும் என்பதை அவர் கொஞ்சம் மெதுவான குரலில் சொன்னார்.

பத்தொன்பதாம் மிதவையில் துரைசிங்கத்தின் பேராளராக நின்றவர் பாக்கியநாதன். ஐஸ் ஆலை மேற்பார்வையாளர். கோயிலில் சந்தியாகுவுக்குப் பக்கத்து இருக்கை. கொடுத்த வாக்கை மீறாதவர் என்று பெயரெடுத்தவர். அவருக்கு இருநூற்றைந்து வாக்குகள். எதிர்த்து நின்றவருக்கு இருநூற்று நான்கு. மற்ற முப்பது மிதவைகளும் பதினைந்துக்குப் பதினைந்து என்று பிரிந்து நின்றன. ஆக, பத்தொன்பதாம் மிதவைதான் தலைவரைத் தீர்மானித்தது. பத்தொன்பதாம் மிதவையை ஒரு வாக்கு தீர்மானித்தது. அந்த ஒரு வாக்கு, அமலோற்பவம் கட்சிக்காரர்கள் கொடுத்த புகாரின்படி, இறந்துபோன பெண்ணுடையது.

விசாரணை அதிகாரி மாதங்கி மறுநாள் காலைப் படகில் கரையிலிருந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு பெட்டி, ஒரு குடை, ஒரு சட்டப் புத்தகம். ரெஜினாளைச் சந்தியாகுவின் மேசைக்கு எதிரில் உட்காரவைத்துக் கேட்டார்.

"உங்க பொண்ணோட துடிப்பை எதிலயாவது பதிவு பண்ணி வச்சிருக்கீங்களா?"

"துடிப்புன்னா?"

"இங்க வாக்குப் போடுறவங்க கையைத் துடிப்புப் பலகையில வைக்கணும் இல்லையா? அது இதயத் துடிப்போட வடிவத்தைப் படிச்சு ஆளைக் கண்டுபிடிக்குது. ரேகை தேஞ்சுடும், முகம் மாறிடும், துடிப்பு மட்டும் மாறாது. உங்க பொண்ணோட துடிப்பு பலகையில விழுந்திருக்கு. பச்சை விளக்கு எரிஞ்சிருக்கு."

"அவளைப் பொதைச்சு ஏழு மாசம் ஆச்சும்மா."

"அதான் கேக்கறேன்."

"பலகை ஆளோட பேரைச் சொல்லாதா?" என்று கேட்டார் சந்தியாகு, பதில் தெரிந்திருந்தும்.

"ரகசிய வாக்கு. பச்சை எரியும், அவ்வளவுதான். பேரு உள்ளுக்குள்ள இருக்கற பட்டியல்ல மட்டும் விழும். வாக்கு யாருக்குன்னு அதுக்கும் தெரியாது."

மாதங்கி சட்டப் புத்தகத்தைத் திறந்தார். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "மூணு நாள் அவகாசம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள விளக்கம் கிடைக்கலன்னா, இந்த மிதவையோட கதவு அடைபடும். பேராளர் மாமன்றத்துக்குப் போக முடியாது. இறந்தவங்களோட கைப்பேசியை உயிரோட வச்சிருந்த உறவினர்தான் பொறுப்புன்னு எடுத்துக்கணும். தண்டனை கரையேற்றம்."

கரையேற்றம் என்றால், மிதவையில் இனி இடமில்லை. உப்பு பூத்த கரை முகாமில் மீதி நாட்கள்.

"அவ கொரலக் கேக்க நாந்தான் அவ நம்பருக்குத் தெனம் கூப்பிடுவேன்" என்றாள். "வச்சிருக்கது குத்தமா?"

"குத்தம் இல்லம்மா. சந்தேகம்."

அவள் போனபின் சந்தியாகு சொன்னார்: "ஒரு சந்தேகம் கேக்கலாமாம்மா? நகரம் பூராவும் சேத்து எண்ணுனா அமலோற்பவத்துக்குத் தொள்ளாயிரம் ஓட்டு கூட. நேரடியா எண்ணியிருந்தா இந்த ஒரு ஓட்டை ஒரு பய திரும்பிப் பாத்திருக்க மாட்டான்."

"உண்மைதான். ஆனா நேரடியா எண்ணி, வித்தியாசம் பத்து ஓட்டுன்னு வச்சுக்கங்க. முப்பத்தொரு மிதவையிலயும் செத்தவங்களைத் தேடணும். இப்ப ஒரு மிதவையில தேடினா போதும். மத்த முப்பதும் நிம்மதியாத் தூங்குது."

"அது சரி. இங்க நானூறு பேரு தூங்கலயே."

"அதைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல" என்றார் மாதங்கி. பிறகு ஒரு தாளை நீட்டினார். "பட்டியல்ல நானூத்து நாப்பத்தாறு பேர். முப்பத்தேழு பேர் வாக்களிக்கல. ஒவ்வொருத்தர்கிட்டயும் 'நான் வாக்களிக்கவில்லை'ன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. கணக்கை நேராக்கிடலாம்."

சந்தியாகு கிளம்பினார். இரண்டு நாளில் முப்பத்தாறு பேரிடம் வாங்கிவிட்டார். காய்ச்சல் என்றார் ஒருவர். மறந்துவிட்டேன் என்றார் இன்னொருவர். வேட்பாளர்கள் இரண்டு பேருமே திருடர்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் மூன்றாமவர். முப்பத்தேழாவது பெயர் சுடலைமுத்து. பம்பு அறை இயக்குபவன், முப்பத்தெட்டு வயது.

பம்பு அறை மிதவையின் வயிற்றில், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. இரும்பு ஏணியில் இறங்கவேண்டும். தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. சுடலைமுத்து ஒரு வால்வைத் திருகிக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. காலப் பாத்து வைங்க."

"எப்பவும் இம்புட்டுத் தண்ணி கெடக்குமா?"

"போன வருசம் பாதத்தளவு. மேல யாரும் கேக்கல, நான் சொல்லுதேன், எழுதிக்கிடுதாவ, மறந்துருதாவ. என்ன விசயம்?"

"ஓட்டுப் போடலன்னு ஒரு கையெழுத்து."

"யாரு போடல? நான் போட்டேனே."

"பட்டியல்ல போடலன்னு இருக்கு தம்பி."

"பட்டியல் பொய் சொல்லும். இது சொல்லுமா?" என்று இடது கையை நீட்டினான். சுட்டுவிரல் நகத்தில் மைக் கோடு.

மை சட்டப்படி எப்போதோ ஒழிக்கப்பட்டுவிட்டது. துடிப்புப் பலகை வந்தபின் அதற்குத் தேவையில்லை. ஆனால் மை வைக்காமல் வெளியே போன முதல் தேர்தலில், ஓட்டுப் போட்டமாதிரியே இல்லை என்று பத்தொன்பதாம் மிதவையில் ஆளுக்காள் குறைப்பட்டார்கள். சந்தியாகு தன் சொந்தப் பொறுப்பில் ஒரு புட்டி வாங்கி வாசலில் வைத்தார். மாதங்கிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு விதி இருந்திருக்கும்.

சந்தியாகு அந்த நகத்தைப் பார்த்தார். அந்தக் கோட்டை இழுத்தது அவர்தான். இவன் கையை வைத்ததும் பச்சை எரிந்ததையும் பார்த்தவர் அவர்தான்.

"சுடல" என்றார். "நீ போன வருசம் கரைக்குப் போயி நெஞ்சுல வால்வு ஆபரேசன் பண்ணுனியே, எந்த மாசம்?"

அவன் திருகுசாவியைக் கீழே வைத்தான். "ஏன்?"

"ஜெனோவா படகுத்துறையில அடிபட்டு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனாவ. அதே வாரந்தான்னு நெனைக்கேன். அவ பேருல ஒரு ஓட்டு விழுந்திருக்கு. ஒம் பேருல விழல."

பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. சுடலைமுத்து படிக்கட்டில் உட்கார்ந்தான்.

"வால்வு இல்ல அண்ணாச்சி" என்றான் கடைசியில். "இதயத்தையே முழுசா மாத்துனது. யாரோடதுன்னு சொல்ல மாட்டாங்களாம், சட்டமாம். நானும் கேக்கல. மாத்துன ஆளுக்கு நீர்மட்டத்துக்குக் கீழ வேலை கெடையாது. அதான் வால்வுன்னு சொன்னேன். புதுத் துடிப்பப் பதியப் போனா தெரிஞ்சிரும்லா, போகல. பச்ச எரிஞ்சுது, சரி, மிஷினு ஏத்துக்கிட்டுன்னு வந்துட்டேன்."

"அது ஒன்ன ஏத்துக்கல. அவள ஏத்துக்கிட்டு."

"அந்தப் புள்ளயா?" அவன் நெஞ்சைத் தொடப் போய்ப் பாதியில் கையை நிறுத்திக்கொண்டான். "ஒருநா மீட்டர் படிக்க இங்க எறங்கி வந்துச்சு. தப்பாப் படிச்சுச்சு. சண்ட போட்டேன்."

சந்தியாகு ஏணியில் சாய்ந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நாளை மத்தியானத்துக்குள் விளக்கம் இல்லையென்றால் ரெஜினாள் கரையேற வேண்டும். விளக்கம் கிடைத்தால் வாக்கு செல்லும். பாக்கியநாதன் மாமன்றத்துக்குப் போவார். துரைசிங்கம் தலைவர் ஆவார்.

"எனக்கு இந்த வேலையும் போயிரும்" என்றான் சுடலைமுத்து. "வேலை இல்லாதவன் எடைக் குறைப்புல மொத ஆளு."

"ஆமா."

"அப்ப ரெஜினாக்கா, இல்ல நான்."

"அப்பிடித்தான் வருது."

"நீங்க எழுதிக் குடுத்துருவியளா?"

சந்தியாகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். முப்பத்தாறு கையெழுத்துகளுக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அவர் ஜெனோவாவின் பெயரைச் சரியான நேரத்தில் அடித்திருந்தால் பலகையில் சிவப்பு எரிந்திருக்கும். இவனும் அப்போதே பிடிபட்டிருப்பான். தான் செய்தது தயவா தப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி நேரங்களில் அவர் மாதாவை வேண்டி ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவார். மனதுக்குள் சொன்னார். அவசரம் போயிற்று.

"எழுத மாட்டேன்" என்றார். "ஒன் நெஞ்சுல இருக்கத நான் எழுத முடியாது. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குக் கோயில் மண்டபத்துல விசாரண. வாரதும் வராததும் ஒன் இஷ்டம். வரலன்னாலும் ஒன்னப் பத்தி வாய தொறக்க மாட்டேன். ரெஜினா கூட நானும் கரைக்குப் போயிருவேன், அம்புட்டுதான். பேர அடிக்காதது நாந்தான?"

"மெரட்டுதியளா?"

"இல்லடா. துணைக்குச் சொன்னேன்."

அவர் ஏணியில் ஏறினார். பாதியில் நின்று, "சாப்ட்டியா?" என்று கேட்டார். அவன் மறுபடி வால்வுப் பக்கம் திரும்பினான்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. பாக்கியநாதன் முன்வரிசையில், மாமன்றத்துக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். ரெஜினாள் தன் துணிமணிகளை ஒரு பையில் கட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தாள். சலவைக்காரி, எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன.

பதினொன்று ஐம்பதுக்கு மாதங்கி கேட்டார்: "முப்பத்தேழாவது கையெழுத்து எங்க?"

"வாங்கல" என்றார் சந்தியாகு.

"ஏன்?"

"அவரு ஓட்டுப் போட்டிருக்காரு."

"யாரு?"

"நாந்தான்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. சுடலைமுத்து குளித்துத் தலைவாரி, கல்யாணத்துக்கு வந்தவன்போல் நின்றான். யாரையும் பார்க்காமல் நேராக மேசைக்குப் போய், அங்கே விசாரணைக்கு வைத்திருந்த துடிப்புப் பலகையில் கையை வைத்தான். பச்சை எரிந்தது. மாதங்கி உள்பட்டியலைக் காட்டும் தன் திரையைப் பார்த்தார். அதில் ஜெனோவா என்று இருந்தது.

அவன் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தான்.

மாதங்கி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"விதி ஏழு," என்று படித்தார், "துடிப்பு எவருடையதோ அவரே வாக்காளர். இதன்படி ஜெனோவா உயிரோட இருக்காங்க. வாக்களிச்சது செல்லும். சுடலைமுத்து ஏழு மாசத்துக்கு முன்னால இறந்துட்டார்."

"போன மாசம் காய்ச்சல்னு மூணு நாள் லீவு குடுத்தாவளே" என்றான் சுடலைமுத்து.

"செத்தவனுக்கா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். இரண்டு பேர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

மாதங்கி புத்தகத்தை மூடினார். மேசையில் அதை நேராக வைத்தார். பிறகு, விதியில் இல்லாத ஒன்றைச் செய்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு உயிருள்ள மனுஷன், ஒரு தடவை வந்து, ஒரு வாக்குப் போட்டிருக்கார்" என்றார். "இது கள்ள வாக்கு இல்ல. பட்டியல்ல பேர் மாறியிருக்கு, எழுத்தர் தப்பு. எழுத்தருக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வரும்."

"வரட்டும்மா" என்றார் சந்தியாகு. வாழ்க்கையில் எந்தக் கடிதத்துக்கும் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"இந்தத் துடிப்பை இவர் பேருக்கு மாத்தணும்னா உரியவங்க குடும்பம் சம்மதிக்கணும். அம்மா, உங்க கையெழுத்து."

எல்லோரும் ரெஜினாளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து சுடலைமுத்துவின் முன்னால் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் இதயதானத் தாளில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். யாருக்கு என்று கேட்டதற்குச் சொல்ல மாட்டோம் என்றார்கள்; எங்கேயோ தூரத்து ஊருக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது தினமும் அவளுடைய சலவைக்கூடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மண்டபத்தில் பெண்கள் ஏற்கெனவே அழ ஆயத்தமாகிவிட்டார்கள். ரெஜினாள் அழவில்லை.

"பீடி குடிக்கியா?" என்று கேட்டாள்.

"விட்டுட்டேன்க்கா."

"எப்ப?"

"...நேத்து."

"கருவாடு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"உப்பு ஆவாதுன்னு டாக்டர் சொல்லலயா ஒனக்கு? மூதேவி, அது என்ன ஒன் வீட்டுச் சொத்தா, இஷ்டத்துக்குத் திங்கதுக்கு? இனி மத்தியானச் சோறு என் கூடத்துல வந்து தின்னு. உப்பில்லாமப் பொங்கித் தாரேன்."

அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பையை எடுத்துக்கொண்டு இயந்திரங்களைப் பார்க்கப் போய்விட்டாள். அழ ஆயத்தமானவர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினார்கள்.

பாக்கியநாதன் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். பம்பு அறை மேலாளர் வந்து சுடலைமுத்துவின் கையிலிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டதையும் பார்த்தார்.

மாமன்றம் அன்று மூன்று மணிக்குக் கூடியது. பேராளர்கள் மிதவை வரிசைப்படி எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டும். சந்தியாகு சாட்சிக்காகவும் மாதங்கி அறிக்கை கொடுக்கவும் கூடப் போயிருந்தார்கள். பதினெட்டு பேர் சொன்னபின் பாக்கியநாதன் எழுந்தார்.

"அமலோற்பவம்" என்றார்.

மன்றச் செயலர் காதைத் தேய்த்தார். "பத்தொன்பதாம் மிதவை, சத்தமாகச் சொல்லவும்."

"அமலோற்பவம்."

வரிசை முடிந்தபோது துரைசிங்கத்துக்குப் பதினைந்து, அமலோற்பவத்துக்குப் பதினாறு. பத்து நிமிடம் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. துரைசிங்கத்தின் ஆட்கள் மாதங்கியைச் சுற்றிக்கொண்டார்கள். இது துரோகம், இது மோசடி, இருநூற்றைந்து வாக்குகளை ஒருவன் திருடிவிட்டான் என்றார்கள்.

மாதங்கி புத்தகத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. "பேராளர் தன் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம். விதி மூணு" என்றார். "இதுல மோசடி ஒண்ணும் இல்ல." குடையை எடுத்துக்கொண்டு கரைப் படகுக்குப் போனார். படகேறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

பத்தொன்பதாம் மிதவைக்குத் திரும்பும் படகில் பாக்கியநாதன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சந்தியாகு போய் உட்கார்ந்தார்.

"ஏன் இப்படிச் செஞ்சீர்னு கேக்க மாட்டீரா வே?" என்றார் பாக்கியநாதன்.

"கேட்டாச் சொல்லுவீரா?"

"அவன் தானா வந்து கையை வச்சான். அந்தக் கைய வச்சே அவன கரைக்கு அனுப்பணும்னு... எனக்கு நாக்கு எழும்பல." சந்தியாகுவின் பக்கம் திரும்பினார். "இருநூத்தஞ்சு பேரு என்னய நம்பிப் போட்டாவ. நான் செஞ்சது சரியா?"

"தெரியல" என்றார் சந்தியாகு. "நானும் ஒரு பேர அடிக்காம விட்டேன். அது சரியான்னும் தெரியல."

துறையில் கூட்டம் நின்றது. பாதி பேர் மாலையோடு, மாலை யாருக்கு என்று தெரியாமல். மீதிப் பேர் கெட்ட வார்த்தைகளோடு. அது யாருக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முன்னால் நின்றவன் சுடலைமுத்து. அவன் நன்றி சொல்லப் போகிறான் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவன் முகம் சிவந்திருந்தது.

"எனக்காகச் செஞ்சீரா?" என்றான்.

பாக்கியநாதன் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஓட்டுப் போட்டது ஒமக்குவே. துரைசிங்கத்துக்கு. என்ன ஆவும்னு தெரிஞ்சுதான் போட்டேன். கீழ எம்புட்டுத் தண்ணி வருதுன்னு இங்கன ஒருத்தனுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். பாரம் கொறையணும். நான் எறங்குனாலும் சரின்னு போட்டேன். ஏழு மாசமா எனக்கு ஒரு உசிரு ஓசியாக் கெடைச்சிருக்கு, அதுல ஒரே ஒரு உருப்படியான காரியம் செஞ்சேன். அதையும் நீரு மாத்திச் சொல்லிட்டு வந்திருக்கீரு. நான் கேட்டனா?"

மாலைக்காரர்கள் மாலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பாக்கியநாதன் படகிலேயே நின்றார். பிறகு ஐஸ் ஆலையில் வேலை பழகிய மனிதர் கேட்கக்கூடிய ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இப்பப் பம்பு ரூம்ல யாரு?"

"ஆரு இருக்கா? என்ன எறங்கக் கூடாதுன்னுட்டாவ. மத்தியானத்துலருந்து ஆளு இல்ல."

"தண்ணி?"

"முழங்கால் வரைக்கும் வந்திருக்கும்."

பாக்கியநாதன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வேட்டியை உயர்த்திக் கட்டினார். "வா, காட்டு" என்றார்.

கூட்டம் வழிவிட்டது. இரும்பு ஏணியின் வாயில் சுடலைமுத்து மண்டிபோட்டு உட்கார்ந்தான். விதிப்படி அவன் அதற்குக் கீழே போகக் கூடாது. சந்தியாகு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஏணியின் நடுவில் நின்றார். கீழே, தொடையளவு நீரில், பத்தொன்பதாம் மிதவையின் பேராளர் வால்வைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் பிடித்து, முழு பலத்தோடு திருகினார்.

"அந்தப் பக்கம் இல்லவே" என்றான் சுடலைமுத்து மேலிருந்து. "இந்தப் பக்கம். மெதுவா."